சுகமாகாத என் வலது தோள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, உங்களிடம் நான் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். பலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன், நம் தகரக் கொட்டகைச் சபையில், உபவாச ஜெபத்தின் கடைசி நாளில், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "கர்த்தர் என் தோளைச் சுகமாக்கிட்டார்" என்று சொன்னவன் நான்தான். நீங்கள் கை தட்டினீர்கள். என் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார்.

அது பொய். என் தோள் அன்றைக்குச் சுகமாகவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் சுகமாகவில்லை. அப்புறம் எதற்கடா சாட்சி என்று கேட்பீர்கள். கர்த்தர் எனக்கு ஒரு பெரிய காரியம் செய்தார். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்தப் பொய்யிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும். வேறு வழி இருந்தால் நிச்சயம் அதில் போயிருப்பேன்.

என் பெயர் எபிநேசர். ஊரில் எபி. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. நைனா, அதாவது என் அப்பா, ஏரியில் மீன்பிடித் தொழில் செய்தவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான்.

கல்லூரியில் முதல் வருடம் கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுத்தபோது போனேன். பேட்டிங் வரவில்லை, பௌலிங்கும் வரவில்லை. சரி, ஃபீல்டிங்காவது பார்க்கலாம் என்று எல்லைக் கோட்டில் நிறுத்தினார்கள். பந்தைத் திருப்பி எறிந்தேன். அது விக்கெட் கீப்பர் தலைக்கு மேலே போய், மைதானத்தைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். உடற்கல்வி சார் மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்திப் பார்த்தார். மறுநாள் என்னை பேஸ்பால் டீமில் சேர்த்துவிட்டார்.

அப்படி ஒரு ஆட்டம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் பந்து எறிகிறவனுக்கு பிட்சர் என்று பெயர். கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து போடுவதில்லை. நின்ற இடத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கி, உடம்பையே முறுக்கி, முழு வேகத்தையும் தோளில் கொண்டுவந்து எறிய வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூறு முறைகூட எறிய வேண்டியிருக்கும். எனக்கு அது தண்ணீர் குடிப்பதுபோல் வந்தது. மூன்றாம் வருடம் மாநில அணியில் இருந்தேன். ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வடக்கே போய் இரண்டு ஆட்டங்களில் எறிந்தேன், இரண்டிலும் ஜெயித்தோம். கல்லூரி முடிந்ததும் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு சென்னையில் ஒரு கிளப்புக்கு ஆட்டம். சின்ன லீக்தான். இரவல் மைதானம், பார்க்க வருகிறவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனாலும் அடுத்த வருடம் தேசிய முகாமுக்கு உன்னைக் கூப்பிடுவார்கள் என்று சார் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எட்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு தோள் போனது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் சட்டை மாட்டும்போது வலித்தது. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தேன். மூட்டுக்குள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பயிற்சி செய்து சரிபண்ணிக்கொள்ளலாம், ஆனால் பழைய வேகம் வருமா என்று தெரியாது என்றும் சொன்னார். ஐந்து மாதம் ஓய்வெடுத்துத் திரும்பினேன். இரண்டு ஆட்டம் தாங்கியது. மறுபடி ஓய்வு, மறுபடி திரும்பினேன், ஒரு ஆட்டம். மூன்றாம் முறை திரும்பியபோது நான் எறிந்த முதல் பந்து என்னிடமிருந்து நாலு தப்படியில் தரையில் விழுந்து உருண்டது. எதிர் அணிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் பொன்னேரி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, தோன்றவில்லை. ஊரில் இறங்கியதும் எதிரே வந்தவர், "இன்னா எபி, மேட்ச் இன்னா ஆச்சு? எத்தினி கோல் போட்ட?" என்று கேட்டார். மூணு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கிரிக்கெட்டில் கை போயிருந்தால் டீக்கடையில் நாலு பேர் உச்சுக் கொட்டியிருப்பார்கள். எனக்கு என்ன போனது என்றே எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. மீஞ்சூர் கம்பெனியிலும் பாரம் தூக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

வேறு ஊர்களிலிருந்து வாசிக்கிறவர்களுக்காக எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை கட்டிவிட முடியாது. மீன் கூடும் இடங்களைப் பிரித்து, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊரார் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்போம். அதைத்தான் பாடு என்கிறோம். உடம்புக்கு முடியாதவன் பெயர் சீட்டில் இருக்காது. ஆனால் அவன் வீட்டை ஊர் பட்டினி போடாது, யாருக்கு மீன் பட்டாலும் அந்த வீட்டுக்கு ஒரு பங்கு போகும். நைனா போன பிறகும், என் தோள் கெட்ட பிறகும், அந்தப் பங்கில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் அந்த உபவாச ஜெபம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கண்ணீரோடு ஜெபித்தார். தோளில் சூடாக ஏதோ ஓடியதும் நிஜம். "கையைத் தூக்கு தம்பி" என்றார். தூக்கினேன். பாதி தூக்கும்போதே வலி உயிர் போனது. அப்போது அம்மாவைப் பார்த்தேன். நைனா செத்தபிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். அதற்குமேல் கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை. முழுக்கத் தூக்கினேன். சுகமா என்று கேட்டார்கள். சுகம் என்றேன்.

பொய் சொல்வது சுலபம், அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லச் சொன்னீர்கள். பக்கத்துச் சபைகள் இரண்டுக்கும் கூட்டிப் போனீர்கள். "கர்த்தர் குடுத்த கைய வெச்சினு சும்மா குந்தினு இருக்கியே நைனா, ஆடப் போயேன்" என்று அம்மா சொல்வார், செல்லமாக என்னையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். டீம் கலைந்துபோச்சும்மா என்று அதற்கு ஒரு பொய். டாக்டர் கொடுத்த ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவன், சுகமானவனுக்கு எதற்குப் பயிற்சி என்று யாராவது கேட்பார்களே என்று வீட்டில் நிறுத்திவிட்டேன். காலையில் சவுக்குத் தோப்புக்குள் போய் மரத்தில் கட்டி இழுப்பேன். வலிக்கும்போது அங்கேயே உட்கார்ந்து அழுவேன். ஜெபமும் அங்கேதான். ஆண்டவரே, கையைக் கொடும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் ஆண்டவரே, இது தெரிந்த ஒரே ஒரு ஆளையாவது கொடும் என்று கேட்க ஆரம்பித்தேன். தோப்பு வழியாக இருளர் பெண்கள் ஏரிக்குப் போவார்கள். கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். அவர்கள் நம் சபை இல்லை, நம் தெருவும் இல்லை. அவர்கள் பார்த்தால் என்ன என்று நான் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படி நினைத்ததற்காகவும் உங்கள் முன் வெட்கப்படுகிறேன்.

போன வருடம் ஊர்க்கூட்டத்தில் தலைவர் அம்மாவைப் பார்த்து, "உம் புள்ளைக்குத்தான் கை சரியாப் பூடுச்சாமே, பேரு போட்டுடலாமா?" என்று கேட்டார். அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தார். போடுங்க என்றேன். சீட்டில் எனக்குக் கூட்டாளியாக ஏழுமலை அண்ணன் வந்தார். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. என்னோடு வருவதில் அவருக்குச் சந்தோஷம். "பந்து வீசுன கைய்யி. வலை இழுக்க உனுக்குச் சொல்லித்தரணுமா?" என்றார்.

ஒப்பேற்றினேன். இடது கையால் இழுப்பேன், உடம்பால் சாய்ந்து இழுப்பேன். வலது கை இடுப்பு உயரம் வரை ஒழுங்காக வேலை செய்யும், விரல் பிடியும் உறுதி. தோளுக்கு மேலேதான் போகாது. அண்ணன் முன்னால் நிற்பவர், அவர் பின்னால் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை. மழைத்தண்ணீர் முழுவதும் முகத்துவாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்களுக்கு விழுந்த பாடு ஓடையை ஒட்டிய இடம், ஒரு பக்கம் மார்பளவுத் தண்ணீர், மறுபக்கம் ஆழம். வலையை இழுக்கும்போது கல்லாகக் கனத்தது. பார்த்தால் விற்கிற மீன் இல்லை, சொறி என்கிற ஜெல்லிமீன். அந்தக் கொழகொழவென்ற சனியன் வலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. "வுட்டுடாத, புடி" என்றார் அண்ணன். ஒரே நேரத்தில் இருவரும் தலைக்கு மேலே கயிற்றைத் தூக்கிப் படகின் விளிம்பில் போட வேண்டும். அவர் தூக்கினார். நான் தூக்கவில்லை. கயிறு என் பக்கமாகச் சரிந்து ஓடியது. அதன் சுருக்கு அவர் காலில் விழுந்து, அவரை அப்படியே இழுத்துக்கொண்டு ஆழத்தின் பக்கம் தண்ணீரில் தள்ளியது.

நான் குனிந்து வலது கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். அவர் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். ஆனால் நீரோட்டம் வலையை இழுக்க, வலை அவர் காலை இழுக்க, ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. கத்தி படகின் முனையில் கிடந்தது. அதை எடுக்கப் போனால் காலரை விட வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் இரண்டு படகுகள் நின்றன. எங்கள் ஊர் ஆட்கள்தான், படகுக்கு இந்தப் பக்கம் தொங்கிய அண்ணன் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆனால் ஒருவனுடைய பாடு இடத்துக்குள் அவன் நாளில் அடுத்தவன் படகு நுழையக்கூடாது. ஆபத்து என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், அப்போது யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு கையைத் தூக்கினால் நலம், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் இடது கையைத் தூக்கினேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் படகுகளில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் பீடியைப் பற்றவைக்கக் குனிந்தார். கத்தினேன். வாடைக் காற்று என் சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோனது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. "அண்ணே, எனக்குக் கை சரியாவல அண்ணே" என்று அழுதேன். அவருக்குக் காது தண்ணீருக்குள் இருந்தது. ஆண்டவரே, நான் உம் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன், என் கை போகட்டும், இந்த மனுஷனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. இடது கையை மட்டும் இறக்காமல் வைத்திருந்தேன்.

மார்பளவுத் தண்ணீரின் பக்கமிருந்து யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. ஒரு பெண். கூடையைத் தூர எறிந்துவிட்டு, தண்ணீரைக் கையால் தள்ளித் தள்ளி நடந்து வந்தாள். படகைப் பிடித்து எம்பி ஏறினாள். "கத்தி எங்கடா?" என்றாள். கண்ணால் காட்டினேன். எடுத்துக்கொண்டு குனிந்தாள், தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி, கயிற்றை அறுத்தாள். வலை போனது. நாங்கள் இருவரும் சேர்ந்து அண்ணனை உள்ளே இழுத்துப் போட்டோம். அவர் தண்ணீராக வாந்தியெடுத்துவிட்டு உயிரோடு கிடந்தார்.

அவள் பெயர் கன்னியம்மா. எனக்கு அன்றுவரை தெரியாது. "நான் ஒரு கையத்தான தூக்கினேன். நீ எப்படிக்கா வந்த?" என்று கேட்டேன்.

"தோப்புல நீ மரத்துல எதையோ கட்டி இழுத்து இழுத்து அழுவுறத தெனம் பாக்குறேனே. உனுக்கு அந்தக் கை மேல வராதுன்னு எனுக்குத் தெரியாதா? ஒத்தக் கைய தூக்கினு இறக்காம நிக்கிற. சரி, இவன் கூப்புடுறான்னு ஓடியாந்தேன்" என்றாள்.

பிரியமானவர்களே, நான் இரண்டு வருடம் கேட்ட ஜெபத்துக்குப் பதில் இதுதான். தெரிந்த ஒரு ஆளைக் கொடும் என்று நான் கேட்கும்போதே அவள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். அவர் எப்போதோ கொடுத்துவிட்டார். எனக்குத்தான் கண் இல்லை.

கரைக்கு வந்தபிறகு ஏழுமலை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் காலில் கயிறு அறுத்த காயத்தைப் பார்த்துக்கொண்டே, "கை வராதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இடம் மாறி நின்னிருப்பேனேடா" என்றார். அடித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

அந்த ஞாயிறு பாஸ்டரிடம் நேரம் கேட்டு, உங்கள் முன்னால் நின்று, சுகமாகவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மாதான் எழுந்தார். "அன்னிக்குக் கைய தூக்கினப்போ உனுக்கு நோவுச்சா?" என்று கேட்டார்.

"நோவுச்சும்மா."

"நான் முன்னாடி குந்தினு அழுதேன்னுதான் தூக்கினியா?"

அம்மா வந்து என் தோளைத் தொட்டார், அழுத்தவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து எஸ்தர் அக்கா எழுந்தார். அதற்கு முந்தின வருடம் சர்க்கரை வியாதி நீங்கிவிட்டது என்று சாட்சி சொன்னவர். "பாஸ்டர், எனக்கும் சர்க்கரை போவல. மாத்திர போட்டுனுதான் இருக்கேன்" என்றார். அவர் கணவர் திகைத்துப்போய், "அப்ப அது வைட்டமின் மாத்திரன்னு சொன்னியே" என்றார். சபை முழுக்கச் சிரித்தது, பாஸ்டரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்தீர்கள். மூட்டு வலி போகாதவர், குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு முழுக்க விடாதவர், மகனோடு சமாதானமாகிவிட்டேன் என்று சொன்னவர். அன்றைக்கு நாம் ஜெபித்ததுபோல் அதற்குமுன் ஜெபித்ததில்லை. யாருக்காக என்ன கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

தேவன் கையைச் சுகமாக்க வல்லவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் சபையில் நிஜமாகவே சுகம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் கை தட்டுகிறேன். எனக்கு அவர் செய்தது வேறு. ஏழுமலை அண்ணனின் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார். என் பெயர் சீட்டிலிருந்து எடுக்கப்பட்டது, வீட்டுக்குப் பழையபடி பங்கு வருகிறது, நான் மீன் ஏலக் கூடத்தில் எடை போடுகிற வேலைக்குப் போகிறேன். கன்னியம்மாக்காவை வழியில் பார்த்தால் நின்று பேசுகிறேன். பந்து எறிய இனி முடியாது. அதை நினைத்தால் இன்னும் சில நாள் சாப்பாடு இறங்குவதில்லை. அதையும் கர்த்தரிடம் அப்படியே சொல்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, சுகமாகாத ஒன்றைச் சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தால், என்னை நம்பி ஒன்று செய்யுங்கள். இருக்கிறபடியே அவரிடம் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார். எனக்கு ஒரு ஆளைக் கேட்டேன், ஒரு சபையையே கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

அம்மா இப்போது தினமும் காலையில், "இன்னிக்கு எப்புடி இருக்கு நைனா?" என்று கேட்கிறார். "நோவுதும்மா" என்கிறேன். "சரி, குந்து" என்று எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து தேய்த்துவிடுகிறார்.